பார் கேன் ஹோல்டரோடு 11 வருடம்

போன வாரம் நண்பன் போன் போட்டான். நாடக மேடைக்கு வெளிச்சம் போடுகிற பழைய பார் 64 விளக்கு ஆறு இருக்கிறதாம், கிட்டத்தட்ட இரும்புக் கடை விலைக்குத் தருகிறார்களாம், வாங்கலாமா என்று. கேட்ட நேரம்தான் சரியில்லை. முந்தின நாள் ராத்திரி கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் இடது பக்கத்து கேன் (தகர டப்பாவுக்குள் இருக்கிற இந்த விளக்கை அப்படித்தான் சொல்வோம்) இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்துபோய், நான் ஏணியில் ஏறி, சூடு ஆறுவதற்குள் பின்மூடியைத் திறந்து, கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு இறங்கியிருந்தேன்.

எங்களிடம் எட்டு இருக்கிறது, ஒரு வாடகைக் கடை கழித்துப் போட்டபோது வாங்கியது. கேனைக் குறை சொல்ல முடியாது, அது வெறும் டப்பா, ஒடுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். 1000 வாட் லேம்ப்புக்கு 300 மணி நேரம் ஆயுள் என்பார்கள், மாதம் ஒரு நாடகம் போடுகிறவர்களுக்கு அது வருஷக்கணக்கில் வரும். என் சண்டையெல்லாம் பின்னால் இருக்கும் அந்தப் பீங்கான் ஹோல்டரோடுதான்.

லேம்ப்பின் முதுகில் இரண்டு தட்டையான பின். அவற்றைக் கவ்வ ஹோல்டருக்குள் இரண்டு சின்னத் தகடு. நாலு ஆம்பியருக்கு மேல் அது வழியாகத்தான் போகிறது, அதுவும் கேனுக்குள் சூடு கொதிக்கிற இடத்தில். சூட்டில் தகடு தளரும், தளர்ந்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் கருகும், கருகினால் இன்னும் சூடு. போதாததற்கு வெளிச்சம் முட்டை வடிவில் விழுவதால் அதைக் குறுக்கே திருப்ப வேண்டுமென்றால் அதே ஹோல்டரைப் பிடித்துத்தான் முறுக்க வேண்டும், ஒயர் அடியில் முறுகி முறுகி ஒருநாள் அற்றுப்போகும். இருப்பதிலேயே நோஞ்சானான பாகத்தைக் கைப்பிடியாக வைத்த புண்ணியவான் யாரோ.

ஆரம்பத்தில் கருகின தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்பூச்சு போய் முன்னைவிட வேகமாகக் கருகியது. அப்புறம் கெட்ட ஹோல்டரில் புது லேம்ப்பை மாட்டி அதன் பின்னையும் பொசுக்கினேன், பொசுங்கின அந்த லேம்ப்பை வீணாக்க மனசில்லாமல் புது ஹோல்டரில் செருகி அதையும் கெடுத்தேன். சொறி மாதிரி ஒட்டிக்கொள்ளும். இப்போதெல்லாம் பின் கருகியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறேன். கடையிலேயே ஹோல்டரை லேம்ப்பில் செருகிப் பார்த்துவிடுவது நல்லது, கை வலிக்க அழுத்தினால்தான் போக வேண்டும், வழுக்கிக்கொண்டு போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒயர் சிலிக்கோன் உறையோ கண்ணாடி இழை ஸ்லீவோ போட்டதாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்குச் சாதா பிவிசி ஒயரைப் போட்டு, முதல் காட்சியிலேயே முன்வரிசை மூக்கைப் பொத்தியிருக்கிறது. இணைப்பில் ஈயம் வைத்தேன், அதுவும் சூட்டில் இளகி வழிந்தது. ரொம்பப் பழைய கேனில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உறை இருந்தால் சுரண்டாதீர்கள், கல்நாராக இருக்கலாம். எர்த் கேனின் உடம்போடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் மேலே ஏற்றவே கூடாது.

சரி, இவ்வளவு திட்டுகிறவன் ஏன் வைத்திருக்கிறான்? அன்றைக்கு இடது பக்கம் செத்ததால் அவசரத்துக்கு ஒரு எல்ஈடியை வைத்தோம். கடைசியில் அம்மாவாக நடித்தவர் பித்தளைச் சொம்போடு உட்கார்ந்திருக்க, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை இறக்கினேன். வலது பக்கத்து கேன் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சொம்பின் விளிம்பில் ஒரு செந்நிறக் கோடாக நின்று, ஸ்லைடர் கீழே வந்த பிறகும் ஒரு நொடி இருந்துவிட்டுத்தான் போனது. எல்ஈடி அதே வெள்ளையிலேயே படிப்படியாக இறங்கி, டப்பென்று காணாமல் போனது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருடமும்.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். விரலில் கொப்புளம் அப்போது உடையக்கூட இல்லை.