ஊருக்குப் போனபோது வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனை: என் அனுபவம்

மூளையின் அடியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டதிலிருந்து ராத்திரிதோறும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டு வருகிறேன். இந்த முறை ஊரில் நீண்ட விடுப்பு. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கான நேரமும் அதற்குள் வந்ததால் அங்கேயே பார்த்துக்கொண்டேன். நம்மைப் போல வருடக்கணக்காக இந்த ஊசியில் இருப்பவர்கள் கிளம்புமுன் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

பேனா ஊசிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோனேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து அது. விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துவிடக்கூடும். ஒருமுறை உறைந்தால் இளகிய பிறகும் அதைப் போடக்கூடாது. ஐஸ் பேக்கையும் துணி சுற்றித்தான் வைக்கவேண்டும், மருந்தில் நேரடியாகப் படக்கூடாது. மருந்தின் பெயர், அளவு, காரணம் மூன்றும் இருந்த டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு விமான நிலையத்தில் மறுகேள்வி இல்லாமல் விட்டார்கள்.

கூடுதலாக ஒரு பேனா வாங்கப் போன மருந்துக்கடையில் முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். உடம்பை ஏற்றுவதற்காக இதைத் தேடி வருபவர்கள் உண்டு என்பதால் அந்த எச்சரிக்கை நியாயமானது. சீட்டைப் பார்த்ததும் மருந்தாளுநரின் முகம் மாறிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த வெப்பமானியில் அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் காட்டினார். காலையும் மாலையும் அளவைக் குறித்துவைக்கும் நோட்டையும் நீட்டினார். கேட்காமலே காட்டிய அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

லேபில்தான் கொஞ்சம் பேசவேண்டியிருந்தது. "அக்கா, பேக்கேஜ்லயே குரோத் ஹார்மோன் டெஸ்ட் இருக்கே, அதையே எடுத்துக்கலாமே?" என்றார் ரத்தம் எடுக்கும் பெண். வேண்டாம் என்றேன். இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது, அதுவும் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். நல்ல ஆரோக்கியமானவருக்கே பகலில் எடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று வரலாம். ஊசி போடுகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் ஈரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன்தான் நாள் முழுக்கப் பெரிதாக மாறாமல் இருக்கும், ஊசியின் அளவு சரியா என்றும் சொல்லும். அதற்குச் சாப்பிடாமல் வரவேண்டிய அவசியமும் இல்லை.

ரிப்போர்ட்டில் ஐஜிஎஃப்-1 என் வழக்கமான அளவைவிடக் குறைவாக வந்தது. அதைப் பார்த்த ஒரு பொதுமருத்துவர் "வளர்ந்தவங்களுக்கு இது எதுக்கும்மா? நிறுத்திடுங்க" என்றார். இன்னொருவர் அளவைக் கூட்டச் சொன்னார். இரண்டுமே எனக்கு வேதனையாக இருந்தது. வளர்ந்தவர்களுக்கும் தசை, எலும்பு, கொழுப்பு, உடல் தெம்பு எல்லாவற்றுக்கும் இந்த ஹார்மோன் வேண்டும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு இதை அனுமதித்தது 1996இல். எலும்பு அடர்த்தி முதல் வருடம் ஏறாமல், சிலருக்குச் சற்றுக் குறைந்துகூடத் தெரியும். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். நடுவில் நிறுத்தச் சொல்வது அவ்வளவு சுலபமான வார்த்தை இல்லை.

பிறகு ஹார்மோன் நிபுணரைத் தேடிப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது என் பழைய ரிப்போர்ட்டுகளைத்தான். லேபுக்கு லேப் கிட் வேறு, அளவும் வேறாக வரும் என்று சொல்லி, பழையதையும் புதியதையும் அந்தந்த லேபின் வயதுவாரி வரம்போடு ஒப்பிட்டார். பிறகு என் விரல்களை அழுத்திப் பார்த்தார். மோதிரம் இறுகுகிறதா, காலையில் கை மரத்துப்போகிறதா, கணுக்கால் வீங்குகிறதா என்று கேட்டார். அளவு கூடினால் முதலில் தெரிவது இவைதான். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஏதாவது புதிதாகத் தொடங்கினீர்களா என்றும் கேட்டார். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ஐஜிஎஃப்-1ஐக் குறைத்துவிடும், தோலில் ஒட்டும் பட்டையில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவையும் தைராய்டையும் பார்த்தார். இந்த ஊசி கார்டிசோல் ஹார்மோனையும் ஃப்ரீ டி4 என்ற தைராய்டு அளவையும் சற்று இறக்கிக் காட்டும் என்பதால், கார்டிசோலுக்கு ஈடாக நான் எடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைப் பற்றியும் விசாரித்து, காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தார்.

கட்டி திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தையும் கேட்டுவிட்டேன். 1985க்கு முன் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனால் சிலருக்கு மூளை நோய் வந்தது உண்மை, இன்றைய மருந்து மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிப்பது, அது வேறு என்றார். இந்த ஊசி போடும் பெரியவர்களைப் பல நாடுகளில் கண்காணிக்க 1994இல் தொடங்கிய கிம்ஸ் (KIMS) தரவுத்தொகுப்பில் 15,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், மொத்தத்தில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றும் விளக்கினார். ஆனாலும் உடலில் புற்றுநோய் இருக்கும்போது இந்த ஊசி கூடாது, எம்.ஆர்.ஐ.யையும் விடக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்.

வாரம் ஒருமுறை மட்டும் போடும் சோமபாசிடான் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு மாறலாமா என்று கேட்டதற்கு, அதில் ஊசி போட்ட மூன்றாம், நான்காம் நாளில்தான் ரத்தம் எடுக்கவேண்டும், பயணத்தின் நடுவில் மாற வேண்டாம் என்றார். அளவை மாற்றாமல், எல்லாவற்றையும் என் டாக்டருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து வழக்கமான லேபில் எடுத்தபோது ஐஜிஎஃப்-1 பழைய இடத்திலேயே இருந்தது.