சித்திரை வெயிலில் தேநீர்த் தோட்டம்: எந்தத் தொட்டிக்கு இடம்?

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்தோம். மதுரையில் அந்த இரண்டு மாதமும் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அக்னி நட்சத்திரம் வருவதும் அப்போதுதான். அதனால் தேநீருக்கென்று நாலு செடி வைக்க நினைப்பவர், விதைப் பாக்கெட்டின் படத்தை நம்பாமல் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. பங்குனியில் வைக்கிற செடி சித்திரையைத் தாண்டுமா? வீட்டில் குடிப்பது பால் டீயா, பால் கலக்காத டீயா? இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் கேள்வியிலேயே, பூவை உலர்த்தித் தேநீராகக் குடிக்கிற கெமோமில் விழுந்துவிடும். ஒரு மாசியில் ஆசைப்பட்டு விதைத்தேன். முளைத்தது, விரல் உயரம் வந்தது, பங்குனிக் கடைசியில் வைக்கோலாகிவிட்டது. வட இந்தியச் சமவெளியில் அதை அக்டோபர் வாக்கில் விதைத்து, வெயில் ஏறும் முன்பே பூப்பறித்து முடிக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் முயன்று பார்க்கலாம். லாவெண்டருக்கும் இதே கதைதான்.

சரி, நம் ஊர்ச் செடிகளுக்கு வருவோம். பெரிய போட்டி புதினாவுக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும்தான்.

புதினாவுக்குச் செலவே இல்லை. சட்னிக்கு இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டைத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விட்டுவிடும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். பழைய பிளாஸ்டிக் டப் போதும். தண்டு தரையோடு ஓடி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அதே தொட்டியில் வேறு எதையும் வைக்காதீர்கள். ஆனால் சித்திரை வெயிலில் ஒருநாள் தண்ணீர் தவறினால் அது தலை தொங்கிவிடும். பச்சை வலையோ சுவர் நிழலோ இல்லாவிட்டால் தேறாது. பச்சைத் தேயிலையோடு அருமையாகச் சேரும். மொராக்கோக்காரர்கள் சர்க்கரையை அள்ளிப் போட்டு அப்படித்தான் குடிக்கிறார்கள். பால் டீயில் எனக்கு அது பற்பசை ஞாபகத்தைத் தருகிறது.

எலுமிச்சைப்புல் நேர்மாறு. வெயில்தான் அதற்குச் சாப்பாடு. நர்சரியில் ஒரு தூர் வாங்கி ஓரடி ஆழமுள்ள தொட்டியில் வைத்தால், சில மாதங்களில் தொட்டி நிறைந்து, பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிடும். இலை விளிம்பு கையை அறுக்கும், கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால் எண்ணெயில் எலுமிச்சை வாசனை உண்டு, புளிப்பு கிடையாது. அதனால் பால் திரியாது! குஜராத்தில் பால் டீயிலேயே இதை நறுக்கிப் போடுகிறார்கள். இந்தப் புல்லுக்கே அங்கே 'லீலி சா', அதாவது பச்சை டீ என்று பெயர். அடித்தண்டை நசுக்கி, தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்புறம் தூளும் பாலும் சேர்த்தால் போதும். பால் டீ வீட்டில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன். புதினாவை ஆவணிக்குத் தள்ளிவைக்கலாம்.

துளசியா கற்பூரவல்லியா என்றால் துளசி. கற்பூரவல்லி மறதிக்காரர்களின் செடிதான், ஒரு கிளையை ஒடித்து நட்டால் வந்துவிடும். ஆனால் டீயில் போட்டால் இருமல் மருந்து குடிப்பதுபோல் இருக்கும். அதைக் கஷாயத்துக்கும் பஜ்ஜிக்கும் விட்டுவிடுங்கள். துளசியில் கதிர் வரவர கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்துப்போகும். மாடத்துத் துளசியில் கை வைத்தால் அம்மா விடமாட்டார், டீக்கென்று தனித் தொட்டி தேவை.

பூவில் சங்குப்பூவுக்கும் மல்லிக்கும் போட்டி. சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊறவைத்து, கம்பிக்குப் பக்கத்தில் ஊன்றினால் ஏறிக்கொள்ளும். பயறு வகைச் செடி என்பதால் உரச்செலவும் குறைவு. ஐந்தாறு பூவை வெந்நீரில் போட்டால் கருநீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. குழந்தைகள் கைதட்டுவார்கள். நாக்குக்குத்தான் ஒன்றுமில்லை.

மல்லியில் வேலை அதிகம், பலனும் அதிகம். சீனாவின் ஃபுஜோ நகரத்துப் பேர்பெற்ற மல்லிகைத் தேநீருக்குப் பயன்படுத்தும் பூவும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியும் ஒரே இனம். அங்கே பூவை டீயில் கொதிக்கவிடுவதில்லை. அன்றிரவு விரியப்போகும் மொட்டை மாலைக்குள் பறித்து, உலர்ந்த தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். இரவில் மொட்டு விரியும்போது வரும் மணத்தைத் தேயிலை இழுத்துக்கொள்கிறது. காலையில் பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மறுபடி புதுப் பூ. வீட்டில் ஒரு கைப்பிடி மொட்டும் நீலகிரிப் பச்சைத் தேயிலையும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் இருந்தால் இதைச் செய்யலாம். பூவின் ஈரம் தேயிலையில் ஏறியிருக்கும், நிழலில் நன்றாக உலர்த்திவிடுங்கள். மல்லிச் செடி வெயிலுக்கு அஞ்சாது, பங்குனியில்தான் அதன் பருவமே சூடுபிடிக்கிறது. கடையில் உதிரிப்பூ வாங்கிப் போடலாமே என்று தோன்றும். மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்தும் சேர்ந்து வரும், வேண்டாம். பால் டீக்காரர்களுக்கு இத்தனை பாடும் வீண், பால் அந்த மணத்தை அமுக்கிவிடும்.

செம்பருத்தியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எகிப்திலும் சூடானிலும் குடிக்கிற சிவப்பான, புளிப்பான 'கர்க்கதே' நம் வாசல் செம்பருத்தியிலிருந்து வருவதல்ல. அது ரோசெல், ஆந்திராவின் கோங்குராவுக்கு உடன்பிறப்பு. தேநீருக்கு எடுப்பது இதழை அல்ல, பூவின் அடியில் இருக்கும் சதைப்பற்றான புல்லிவட்டத்தை. விதையைச் சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும், பகல்பொழுது குறைந்த பிறகுதான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை வரை இலையைப் பறித்துத் துவையல் அரைத்துக்கொண்டிருக்கலாம்.