ஜிஒய்-521: தண்ணீர் ராக்கெட்டுக்குத் தேறுமா?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, முடுக்கம் அளக்கும் சென்சார் பலகை. ராக்கெட் கிளம்பியதை உணர்ந்து பாராசூட்டைத் திறக்க வைத்தேன். பின்களை நாமேதான் சால்டர் வைக்க வேண்டும்.

முதல் நாள், ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே சர்வோ (பாராசூட்டை விடுவிக்கும் குட்டி மோட்டார்) திறந்து பாராசூட் என் காலடியில் விழுந்தது! பவர் கொடுத்ததும் இதன் எம்பியு-6050 சிப் ±2 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வரை அளக்கும் நிலையில்தான் நிற்கும். படியேறும் குலுக்கலே அதற்கு அதிகம். ±16 ஜிக்கு மாற்றி, நெடுக்கு அச்சில் 4 ஜிக்கு மேல் 20 மில்லிசெகண்ட் நீடித்தால்தான் 'கிளம்பியது' என்று நிரலில் எழுதினேன். அப்புறம் வம்பில்லை.

ஆனால் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 2 லிட்டர் பாட்டில் சீறும்போது வரைபடம் 16-இல் முட்டித் தட்டையாகிவிடுகிறது. உச்ச முடுக்கம் வேண்டுமென்றால் ±200 ஜி வரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்377 சென்சாரைத் தேடுங்கள். பாராசூட் திறக்க மட்டும்தானா? இதுவே தாராளம். நனையாமலிருக்க நான் பலகையைப் பலூனுக்குள் திணித்து, வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறேன்.