மூன்று விதமான ஐரிஷ் பப்: பழைய பழக்கம் எதில் மிச்சம்?

அயர்லாந்துக்குப் போகிற பலரும் "அசல் ஐரிஷ் பப் ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள்" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரில் இன்று மூன்று வேறு சரக்கு விற்பனையாகிறது. முதலாவது, மளிகையும் மதுவும் ஒரே கூரையின் கீழ் விற்றுவந்த கிராமத்துப் பப். இரண்டாவது, டப்ளின், பெல்ஃபாஸ்ட் நகரங்களில் விக்டோரியா காலத்து மரவேலையோடும் கண்ணாடியோடும் நிற்கிற பழைய பப். மூன்றாவது, வெளியாளுக்கென்றே அலங்கரித்தது. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியிலும் அது இருக்கிறது, துபாய் ஹோட்டலின் தரைத்தளத்திலும் இருக்கிறது.

மூன்றுமே தன்னைத்தான் அசல் என்று சொல்லிக்கொள்ளும். கட்டடத்தின் வயதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது சுலபம். நான் பார்ப்பது பழக்கத்தை: யார் உள்ளே வரலாம், யார் காசு கொடுப்பது, எப்போது கதவைச் சாத்துவது, யாரோடு யார் பேசுவது.

கிராமத்துப் பப்பிலிருந்து தொடங்கலாம், சொல்ல வேண்டியது அங்கேதான் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது வெறும் குடிக்கிற இடம் இல்லை. முன்பக்கத்துக் கவுண்டரில் தேயிலை, சர்க்கரை, மாவு, ஆணி. பின்பக்கத்தில் கறுப்பு பீர். பீப்பாயில் வந்து இறங்கும் கின்னஸைப் பப்காரரே பாட்டிலில் அடைத்து, தன் பெயர் அச்சிட்ட லேபிளை ஒட்டி விற்பார். வீட்டுச் சாமானெல்லாம் கடன் நோட்டில் ஏறும், சந்தையில் மாடு விற்ற பிறகு கணக்கு தீரும். மாட்டு பேரமே பெரும்பாலும் பப்பில்தான் முடியும். டிங்கிள் ஊரில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்ற பப்பில் ஒரு பக்கம் இன்றும் இரும்புச் சாமான் கடை. டிப்பரரி மாவட்டத்து ஃபெதர்டில் மெக்கார்த்தீஸ் என்ற பப்பை நடத்துகிற குடும்பம் இறுதிச் சடங்கு ஏற்பாட்டையும் சேர்த்தே செய்கிறது. குடிக்க வைப்போம், சாப்பிட வைப்போம், அடக்கமும் செய்வோம் என்று அவர்களே விளம்பரப்படுத்துகிறார்கள்!

இந்த வகைதான் இப்போது வேகமாக அழிகிறது. 2005-க்குப் பிறகு அயர்லாந்தில் ஏறக்குறைய 2,000 பப்புகள் மூடிவிட்டன, அடி பலமாக விழுந்தது கிராமப்புறத்தில். இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனதும், சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவாகக் கிடைப்பதும் எல்லாரும் சொல்கிற காரணங்கள். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று லைசென்ஸ். 1902 சட்டத்துக்குப் பிறகு, பொதுவாகப் பழைய லைசென்ஸ் ஒன்றை ஒழித்தால்தான் புதிய பப் திறக்க முடியும் என்றானது. 2000-இல் வந்த சட்டம், ஒழிக்கப்படும் லைசென்ஸ் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சரி என்றது. அதோடு, வியாபாரம் படுத்துப்போன கிராமத்துப் பப்பின் லைசென்ஸுக்கு ஒரு விலை வந்துவிட்டது. வயதான முதலாளி அதை விற்பார், அந்தக் கணக்கில் நகரத்தில் ஒரு பெரிய பாரோ சூப்பர் மார்க்கெட்டின் மது அலமாரியோ முளைக்கும். ஊர் பப் இடம் மாறியது என்றுகூடச் சொல்லலாம், ஊர்க்காரர்கள் மட்டும் கூடப் போகவில்லை.

இன்னொரு காரணம் கார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்பு பப் மூடிய நேரத்திலும் உண்மையான பயணிக்கு மது ஊற்றலாம் என்று சட்டமே அனுமதித்தது. வீட்டிலிருந்து மூன்று மைல், டப்ளின்காரர் என்றால் ஐந்து மைல் தள்ளி வந்திருந்தால் போதும். ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் சைக்கிளிலும் காரிலும் நகர எல்லைக்கு வெளியே கிளம்பிப் போய் பயணியாகிவிடுவார்கள். குடிப்பதற்காக வண்டி ஓட்டு என்று அரசாங்கமே தூண்டியது போலத்தான். 1960 சட்டம் அந்தச் சலுகைக்கு முடிவு கட்டியது. 2011-இல் ஓட்டுநரின் ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்தது. 2018 முதல் அதைத் தாண்டிப் பிடிபட்டால் முதல் தடவையே வாகனம் ஓட்டத் தடை. ஒதுக்குப்புறப் பண்ணை வீட்டில் தனியாக இருக்கும் கிழவர்கள் இரண்டு மூன்று கிளாஸ் குடித்துவிட்டு மெதுவாக ஓட்டிப்போக பெர்மிட் தர வேண்டும் என்று கெர்ரி மாவட்டக் கவுன்சில் 2013-இல் தீர்மானமே போட்டது. கொண்டுவந்தவர் ஒரு பப் முதலாளி! அரசு மசியவில்லை, அதுதான் சரி. ஆனால் அந்தக் கிழவரின் தனிமை பொய்யில்லை. பஸ் கிடையாது, டாக்ஸி வராது, பேச ஆளிருந்த ஒரே இடம் பப்.

நகரத்துப் பப்பில் கதை வேறு. அங்கே கட்டடம் அப்படியே நிற்கிறது, பழக்கம்தான் தலைகீழாகிவிட்டது. ஸ்னக் என்கிற தடுப்பறையையே பாருங்கள். கவுண்டரை ஒட்டி, ஆளுயரப் பலகையால் அடைத்து, உள்ளிருந்து தாழ் போடக்கூடிய சின்ன அறை. கிளாஸை உள்ளே நீட்ட ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். பெல்ஃபாஸ்டின் கிரவுன் பப்பில் ஸ்னக்கிலிருந்து ஆளைக் கூப்பிட மணி இருக்கிறது, தீக்குச்சி உரச உலோகத் தகடு இருக்கிறது, கேஸ் விளக்கும் எரிகிறது. பாரம்பரியச் சொத்துகளைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் அந்தப் பப்பையே வாங்கி வைத்திருக்கிறது. அந்த அறை யாருக்கு? பொது இடத்தில் குடிப்பதாகத் தெரியக்கூடாதவர்களுக்கு: பாதிரியார், போலீஸ்காரர், முக்கியமாகப் பெண்கள்.

பெண்ணுக்கு ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பெரிய கிளாஸ் பீர்) ஊற்ற மாட்டோம், வேண்டுமானால் அரை பைன்ட் தருகிறோம் என்று சொன்ன பப்புகள் 1970-களிலும் இருந்தன. பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்டியும் தோழிகளும் டப்ளின் பப் ஒன்றில் கூட்டமாக நுழைந்து ஆளுக்கொரு பிராந்தி வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு பைன்ட் கேட்டார்கள். தர மறுத்ததும், அப்படியானால் பிராந்திக்கும் காசு இல்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். பெண் என்பதற்காக மறுப்பது சட்டவிரோதமானது 2000-இல் வந்த சம உரிமைச் சட்டத்தால். இன்று அதே ஸ்னக்கைப் பிடிக்கச் சாயங்காலமே போட்டி. ஒளிந்துகொள்ள இருந்த இடம், கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கிற இடமாகிவிட்டது.

கதவைச் சாத்தச் சொன்ன பழைய விதிகளும் பெரும்பாலும் போய்விட்டன. டப்ளினிலும் கார்க்கிலும் மதியம் 2.30 முதல் 3.30 வரை எல்லாப் பப்பும் மூட வேண்டும் என்று 1920-களில் வந்த விதி, வார நாட்களில் 1988 வரை இருந்தது. புனித வெள்ளித் தடை 2018-இல் நீங்கியது, கிறிஸ்துமஸ் அன்று மட்டும் இன்றும் பூட்டு. 2004 மார்ச் 29 அன்று பணியிடங்களில் புகைப்பதற்கு நாடு முழுக்கத் தடை வந்தது, உலகில் முதல் நாடு அயர்லாந்துதான். பப் செத்துவிடும் என்று அன்று புலம்பியவர்கள் பலர். நடந்தது என்னவோ, வாசலில் சிகரெட்டோடு நிற்பவர்களிடையே புது சிநேகம்தான்.

சரி, பாட்டுக்கு வருவோம். மூன்றாவது வகைப் பப்பின் மூலதனமே அதுதான். ஃபிடிலும் புல்லாங்குழலும் வாசிக்கும் செஷன்தான் பழமையின் உச்சம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த இசை பப்புக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. அதற்கு முன் அது வீட்டு அடுக்களையிலும் நாற்சந்தி நடனத்திலும் இருந்தது. 1935-இல் நடனக்கூடச் சட்டம் வந்து, பாதிரியார்களும் போலீஸும் வீட்டு நடனங்களை நெருக்கினார்கள். பப் செஷன் என்ற வடிவம் நிலைபெற்றதில் லண்டனின் கேம்டன் டவுனில் 1950-களில் கட்டட வேலை செய்த ஐரிஷ்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சொந்த வீடில்லாதவர்கள் வேறெங்கே வாசிப்பார்கள்? டப்ளினில் ஓடோனஹூஸ் பப்பும் அங்கே உருவான டப்ளினர்ஸ் குழுவும் 1960-களில் இதைப் பரப்பின. டப்ளினின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1833 முதல் நடக்கும் கேவனாஸ் பப்பில் பாட்டும் கிடையாது, டிவியும் கிடையாது. பழசு வேண்டும் என்பவர்கள் அந்தச் சத்தமின்மையைத்தான் தேட வேண்டும்.

ஆகவே மூன்றாவது வகையைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. 1990-இல் தொடங்கிய ஐரிஷ் பப் கம்பெனி, விக்டோரியா பாணி, கிராமத்துக் குடிசை, பழைய கடை, மது ஆலை, கெல்டிக் என்று மாதிரிகள் வகுத்து, மரச்சாமான்களை அயர்லாந்தில் செய்து கப்பலேற்றி உலகமெங்கும் பப் அமைத்துக் கொடுத்தது. தொடங்கியவர் மாணவராக இருந்தபோது டப்ளின் பப்புகளை ஆராய்ந்த கட்டடக் கலைஞர் என்பதால், வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. மளிகை அலமாரியில் பழைய தேயிலை டப்பாகூட இருக்கும். விற்க மாட்டார்கள், அவ்வளவுதான். டெம்பிள் பாரில் ஒரு பைன்ட் 10 யூரோவைத் தொடுகிறது. சுற்றியிருப்பவர்களும் உங்களைப் போலவே அசல் ஐரிஷ்காரரைத் தேடி வந்தவர்கள்.

மூன்றையும் பிரித்துக் காட்டுவது ரவுண்டுதான். நால்வர் உட்கார்ந்தால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், அடுத்தது அடுத்தவர் முறை. தன் முறை வருமுன் நழுவுகிறவர் பெயர் ஊரில் நாறிவிடும். வாங்கிக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தால்தான் ஆள் மிதமிஞ்சிக் குடிக்கிறான் என்று மதுவிலக்குக்காரர்கள் நூறு வருஷமாகத் திட்டியும் அது சாகவில்லை. சுற்றுலா பப்பில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு பில். நகரத்தில் ரவுண்டு இருக்கிறது, கும்பல் பெரிதானால் உடைந்துவிடும். கிராமத்தில் முழுசாக இருக்கிறது. குடிக்காதவர் தயங்க வேண்டாம்: ஆல்கஹால் இல்லாத கின்னஸ் பரவலாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கி, உங்கள் முறைக்கு எல்லாருக்கும் காசு கொடுத்தால் மரியாதை குறையாது. நாடே குறைத்துக் குடிக்கிற காலம் இது. பெரியவர்களின் சராசரி 2001-இல் ஆண்டுக்கு 14 லிட்டர் சுத்த ஆல்கஹாலைத் தாண்டியிருந்தது, இப்போது 10 லிட்டரை ஒட்டி நிற்கிறது.

என் ஓட்டு கிராமத்துப் பப்புக்கு. ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, டப்ளினைத் தாண்ட முடியாது என்றால் கேவனாஸ். கிராமத்துக்குப் போகிறவர்கள் அந்த ஊரிலேயே தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள், காரை எடுக்கிற யோசனையே வேண்டாம். வார நாட்களில் பல இடங்கள் திறப்பதே இல்லை, கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.