பலூ தம்பி 2, பலூ சேட்டன் 2: எல்லைக் கடை போர்டுகளுக்கு ஏற்ற எழுத்துருவா?

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் கடை திறப்பவருக்குப் போர்டில் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். டிசைன் மார்த்தாண்டத்தில் நடக்கும், ஃப்ளெக்ஸ் பாறசாலையில் அடிப்பார்கள், அதே பெயர் பிறகு கவரிலும் பில்லிலும் வரும். ஒரே வேலை கோரல்டிரா, போட்டோஷாப், கேன்வா என்று நாலு கம்ப்யூட்டர் சுற்றும். இப்படிப்பட்ட வேலைக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது அழகை அப்புறம் பார்க்கலாம். ஃபைலோடு எழுத்துருவையும் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க உரிமை உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மும்பையின் ஏக் டைப் உருவாக்கிய பலூ குடும்பம் இந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறுகிறது. தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன். பெயரே இந்த ஊர்ப் பேச்சு போல இருக்கிறது. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், உரிமம் எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் (ஓஎஃப்எல்) 1.1. எத்தனை கம்ப்யூட்டரிலும் நிறுவலாம், எந்த மென்பொருளிலும் பயன்படுத்தலாம், கட்டணம் வாங்கிச் செய்யும் வேலைக்கும் லோகோவுக்கும் தடையில்லை. அச்சகத்துக்கு எழுத்துருவைக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ஓஎஃப்எல் உரிமக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. எழுத்துருக் கோப்பையே திருத்தி வெளியிட்டால் அதுவும் இதே உரிமத்தில்தான் வர வேண்டும். உரிமக் கோப்பின் தலைப்பில் ஒதுக்கப்பட்ட பெயர் ஏதாவது குறித்திருந்தால் அந்தப் பெயரை விட்டு வேறு பெயர் வைக்க வேண்டும். போர்டுக்காகக் கோரலில் ஒரு எழுத்தின் வாலை நீட்டுவது இதில் சேராது.

அடோபி ஃபான்ட்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே சந்தா இருக்கும்வரை எழுத்துரு இயங்கும், ஆனால் கோப்பு கைக்கு வராது. இன்டிசைனில் ஃபைலோடு சேர்ந்தவற்றை ஒரே ஃபோல்டரில் திரட்டும் பேக்கேஜ் போட்டாலும் அந்த எழுத்துருக்கள் கூட வராது. அச்சகத்தில் சந்தா இல்லையென்றால் எழுத்துரு பதித்த பிடிஎஃப் அல்லது எழுத்தை வெறும் வடிவக் கோடாக மாற்றி அவுட்லைன் ஆக்கிய ஃபைல்தான் கொடுக்க முடியும். கேன்வா ப்ரோவின் படங்களிலும் கவனம் தேவை: டிசைனுக்குள் வைத்து அச்சிடலாம், ஆனால் ஒரு பூவை மட்டும் பிரித்தெடுத்து, கோரலில் போட்டு வேறு வேறு வேலைக்கு ஓட்ட உரிமம் இடம் தராது. அந்தப் படத்தை வைத்து டிரேட்மார்க் பதியவும் முடியாது. கடைப் பெயரைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் படத்தைச் சொந்தமாக வரைவதே சரி.

நிறுவும்போது ஒரு விஷயம். ஜிப்பைப் பிரித்தால் எல்லாத் தடிமனையும் ஒன்றாக அடக்கிய வேரியபிள் கோப்பு ஒன்றும் 'ஸ்டாட்டிக்' என்ற ஃபோல்டரும் இருக்கும். பழைய மென்பொருள்கள் வேரியபிளில் ரெகுலர் தடிமனை மட்டும் காட்டும். அதனால் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் உள்ள ரெகுலர், மீடியம், செமிபோல்ட், போல்ட், எக்ஸ்ட்ராபோல்ட் ஐந்தையும் நிறுவுங்கள். வேரியபிளையும் ஸ்டாட்டிக்கையும் சேர்த்து நிறுவினால் ஒரே பெயரில் இரண்டு வந்து குழப்பும்.

இவை யூனிகோட் எழுத்துருக்கள். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த வரியை எடுத்து இதற்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். 2012இல் வந்த எக்ஸ்6-க்கு முந்தைய கோரலில் 'கொட்டாரம்' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அது எழுத்துருவின் குற்றமல்ல, அந்தப் பதிப்புக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. போட்டோஷாப்பில் இதே கோளாறு வந்தால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியை இயக்குங்கள். இங்க்ஸ்கேப்பில் நேராகவே சரியாக வரும்.

ஸ்டிக்கர் கட்டிங்கில்தான் பலர் மாட்டுகிறார்கள். கோரலில் கன்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தைக் கர்வ், அதாவது வெறும் வடிவக் கோடு, ஆக்கியதும் வேலை முடிந்தது என்று ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தும் அதன் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கத்தி இரண்டு கோட்டையும் வெட்டும். வினைலை உரிக்கும்போது அந்தத் துண்டு மட்டும் பிய்ந்து வரும். கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேம் பார்வையில் ஒருமுறை பார்த்து, குறுக்கே கோடு ஓடும் எழுத்துகளை வெல்டு செய்து ஒரே வடிவமாக்குங்கள். கர்வ் ஆக்குவதற்கு முன்பு இன்னொரு பிரதியைச் சேமித்து வைப்பது கட்டாயம், போன் நம்பர் மாறினால் திருத்த வேறு வழியில்லை.

குறையும் சொல்ல வேண்டும். உருண்டை உடம்பு இதற்கு. போர்டில் தூரத்திலிருந்து கணீரென்று தெரியும் எக்ஸ்ட்ராபோல்ட், பில் அளவுக்குச் சுருங்கினால் 'இ', 'ணை' போன்றவற்றின் உள்வெளி மையில் அடைந்துவிடும். முகவரி வரிக்கு ரெகுலர் அல்லது மீடியம் போதும். கல்யாணப் பத்திரிகைக்கு இந்தச் சாயலே பொருந்தாது. மலையாளத்தில் பழைய கூட்டெழுத்து முறைதான் வேண்டும் என்று கேட்பவருக்கு அதே உரிமத்தில் கிடைக்கும் மஞ்சரி எழுத்துருவைக் கொடுக்கலாம், ஆனால் தமிழ் வரியோடு தடிமன் ஒத்துப்போகக் கொஞ்சம் உழைக்க வேண்டும். தம்பிக்கும் சேட்டனுக்கும் அந்த உழைப்பு மிகக் குறைவு. இரண்டிலும் ஒரே ஆங்கில எழுத்து இருப்பதால் மும்மொழிப் போர்டும் ஒரே கையில் எழுதியது போல இருக்கும்.

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் தெலுங்கு சேர்த்துக் கேட்பவர்களுக்கு இதே குடும்பத்தில் பலூ தம்முடு 2 இருக்கிறது, உரிமமும் அதுவே.