புக்மார்க்கா, வாட்ஸ்அப்பா, நோட்டா, ஃபைலா: இணையத்தில் பார்த்ததை எங்கே போட்டு வைப்பது?

"மாமா, குண்டுக் கதை ஒண்ணு படிச்சேன்னு சொன்னீங்களே, அந்த லிங்க் அனுப்புங்க. நாளைக்கு ஸ்கூல்ல நான் பேசணும்." முத்தியால்பேட்டையிலிருந்து அக்கா மகள் இப்படிக் கேட்டபோது ராத்திரி ஒன்பது மணி. பத்து நிமிஷத்தில் அனுப்புகிறேன் என்றேன். பதினொன்றரை வரை தேடியும் கிடைக்கவில்லை.

கதை இதுதான். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள். கோட்டை மட்டும் வியாபாரம் இல்லை. அங்கிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு. நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களில் இன்றும் இருப்பது அந்தக் குண்டுதான் என்பார்கள். நான் இருபது வருஷமாகக் குண்டு சாலையில் போய்வருகிறவன். குண்டும் குழியுமான ரோடு, அதனால் அந்தப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

இப்படி ஒன்றைப் படித்துவிட்டுத் தொலைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்துதான், நடுராத்திரியில் மேயும்போது சிக்குகிற சுவாரசியங்களை எதில் போட்டு வைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

புக்மார்க் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு தட்டு, முடிந்தது. என்னிடம் 'மற்றவை' என்ற ஒரே ஃபோல்டரில் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. குண்டுக் கதையும் அதற்குள்தான் கிடந்தது. மூன்று நாள் கழித்து, கோட்டையின் ஆங்கிலப் பெயரைத் தலைப்பாகக் கொண்ட ஒரு வரியாகக் கண்ணில் பட்டது. ஆவலாகத் தட்டினால் பக்கமே இல்லை. முகவரியைப் பத்திரமாக வைத்திருந்தேன், வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள். இது என் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆராய்ச்சி மையம் 2024இல் கணக்குச் சொன்னது. 'பிறகு படிக்க' என்று சேர்த்து வைக்கும் செயலிகளை நம்பலாமே என்பீர்கள். அந்த வகையில் பெரிய பெயரான பாக்கெட்டையே அதை நடத்திய மொசில்லா 2025 ஜூலையில் மூடிவிட்டது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

அடுத்தது வாட்ஸ்அப். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் மச்சானை ஒரு குரூப்பில் சேர்த்து உடனே நீக்கிவிட்டு, தனியாளாக அந்தக் குரூப்பில் உட்கார்ந்திருப்போம். அனுப்புவது சுலபம் என்பதில் இதற்கு ஈடே கிடையாது. தேடுவதுதான் வினை. அன்று ராத்திரி 'குண்டு' என்று போட்டுத் தேடினேன். வந்தவை: குண்டு பல்பு ரெண்டு. குண்டு மிளகாய் கால் கிலோ. குண்டுமல்லி நூறு கிராம், வெள்ளிக்கிழமை. குண்டூசி டப்பா. பிறகு, என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு நண்பன் எழுதிய, இங்கே சொல்லத் தேவையில்லாத ஒரு வரி. பீரங்கிக் குண்டு மட்டும் வரவில்லை. ஏன் வரும்? நான் அனுப்பியது வெறும் லிங்க். அதில் தமிழில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

நான்கு வழிகளையும் பிரிக்கிற விஷயம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. சேமிப்பதில் எல்லாமே சுலபம்தான். ஒரு வருஷம் கழித்துத் தேடும்போது நம் வாயில் வருகிற வார்த்தையும், சேமித்த பொருளின் மேல் எழுதியிருக்கிற வார்த்தையும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், தலைப்பு எவரோ வைத்ததாக இருக்கும். நமக்கு ஞாபகம் இருப்பதோ 'அந்தக் குண்டு மேட்டர்'. தமிழ்ப் பக்கமாக இருந்தாலும் கடலூர் என்று தேடுவோமா, ஆங்கில எழுத்தில் அடிப்போமா, அதையும் பழைய வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டலிலா, நம் உச்சரிப்பிலா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அதனால் நான் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது ஃபைல். பக்கத்தையே முழுசாக இறக்கி, என் வாய்மொழியிலேயே பெயர் வைத்துவிடுகிறேன். ஃபோல்டரின் பெயர் 'சும்மா'. அதில் இருக்கிற ஒரு பெயரைப் பாருங்கள்: 'புறா வழியா இன்டர்நெட் நார்வே 9ல 4தான் வந்துச்சு'. இணையத் தகவலைப் புறாக் காலில் கட்டி அனுப்புவதற்கான விதிமுறை ஒன்று 1990 ஏப்ரல் 1ஆம் தேதி, முட்டாள்கள் தினத்துக் கேலியாக வெளியானது. 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் சிலர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஒன்பது தகவல் அனுப்பினார்கள், நாலுக்குத்தான் பதில் வந்தது. அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆனது. மழைக்காலத்தில் எங்கள் தெரு நெட் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

இன்னொன்று: 'காபி இருக்கான்னு எழுந்து போய்ப் பாக்க சோம்பல் அதுக்குக் கேமரா'. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் 1991இல், காபி பாத்திரம் காலியா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்து, உலகமே அந்தப் பாத்திரத்தை வேடிக்கை பார்த்தது. 2001இல் கேமராவை நிறுத்தினார்கள். பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. இதை நான் 'காபி' என்று தேடினாலும் வரும், 'சோம்பல்' என்று தேடினாலும் வரும். 'சோம்பல்' என்று நான் ஒருநாள் தேடுவேன் என்பது கூகுளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. போனில் என்றால் பிரின்ட் போய்ப் பிடிஎஃப் ஆக்கிவிடலாம். ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில பிடிஎஃப்களில் எழுத்து பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே 'கோட்டை' என்று தேடினால் இல்லை என்னும். அந்த வரியைக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். அதனால்தான் பெயரில் இத்தனை அக்கறை. கம்ப்யூட்டரில் சிங்கிள்ஃபைல் என்ற இலவச பிரவுசர் நீட்சியைப் போட்டிருக்கிறேன். படங்களோடு பக்கம் முழுவதையும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக்கிவிடும், தமிழ் எழுத்தும் சிதையாது. பெயர் வைக்க அரை நிமிஷம் பிடிக்கிறது. அந்த அரை நிமிஷம் செலவழிக்கத் தோன்றாத பக்கத்தை விட்டுவிடுகிறேன். அப்படிப் பாதிக் குப்பை தானாகக் கழிந்துவிட்டது.

கூடவே ஒரு பழக்கம்: இணைய முகவரியை வேபேக் மெஷினிலும் ஒரு தடவை சேமித்துவிடுகிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996இலிருந்து உலகத்துப் பக்கங்களைப் பிரதி எடுத்து வருகிறது. 2001இல் அந்தப் பிரதிகளை வேபேக் மெஷின் என்ற பெயரில் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். செத்துப்போன குண்டுக் கதைப் பக்கமும் கடைசியில் அங்கேதான் கிடைத்தது, வரைபடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக இருந்தது. ஆனால் 2024 அக்டோபரில் அவர்களும் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கினார்கள். ஆக, அது துணைக்கு. நம் கையில் ஒரு பிரதி வேண்டும்.

நோட்டை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்றால், அதன் மேல் எனக்கு ஆசை உண்டு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் கண்டதும் கேட்டதும் எழுதிக்கொண்டே போனார்; கப்பல் வந்த செய்தி முதல் சண்டை சச்சரவு வரை இன்றும் படிக்கலாம். நாமும் அப்படி எழுதலாமே என்று லாங் சைஸ் நோட்டு ஒன்றை வாங்கி எண்பது பக்கம் போல நிரப்பினேன். கையால் எழுதியது மனசில் நிற்கிறது, அதை மறுக்கமாட்டேன். குறை, லிங்க்கைப் பேனாவால் எழுத முடியாது. எழுதினாலும் திரும்ப அடிக்கும்போது ஓர் எழுத்து தப்பும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, நோட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. காயவைத்துப் பிரித்தேன். ஜெல் பேனா மை ஊதா மேகமாகப் பரவியிருந்தது. பால்பாயின்ட்டில் எழுதிய நாலைந்து பக்கம் மட்டும் பிழைத்தன.

ஃபைல் பழக்கம் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பத்து வருஷம் கழித்தும் இதே உற்சாகத்தில் பேசுவேனா என்று கேட்டால் சிரிப்பேன். ஐபோன் நான் வைத்திருந்ததில்லை, அங்கே நடைமுறை வேறாக இருக்கலாம். வீடியோக்களை இந்த வழியில் சேர்க்க நான் முயலவே இல்லை. நீங்கள் சேர்ப்பது பெரும்பாலும் வீடியோ என்றால் வாட்ஸ்அப்பே போதும், ஆனால் லிங்க்குக்குக் கீழே சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். குண்டு பல்புப் பட்டியலை வேறு எங்காவது வையுங்கள்.

எங்கள் தெருவில் தண்ணீர் மறுபடியும் வரும் என்பதால், 'சும்மா' ஃபோல்டரின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு முத்தியால்பேட்டையில் கொடுத்து வைத்திருக்கிறேன். அக்கா வீடு இரண்டாவது மாடி. பென் டிரைவ் சாமி அலமாரியில், திருநீற்று டப்பாவுக்குள் இருக்கிறது. போன மாதம் அக்கா மகள் அதை எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறாள். "மாமா, குண்டுக் கதைய விடுங்க, இந்தக் காபிப் பாத்திரத்த வாங்குனது யாரு?" என்று கேட்டாள். ஜெர்மனியில் ஒரு பத்திரிகைக்காரர்கள் என்றேன். அவளே அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் 'ஜெர்மனி' என்று சேர்த்துவிட்டாள்.