விக்ஸா, வேர்ட்பிரஸ்ஸா, ஷாப்பிஃபையா: தளத்தின் குடுமி யார் கையில்?

சின்னதாகத் தொழில் நடத்துபவர்கள் தங்கள் வெப்சைட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததும் கேட்பது "எது சுலபம்?" என்றுதான். நியாயமான கேள்வி. கூடவே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: நாளைக்கு அந்தச் சேவை பிடிக்காமல் போனால், அல்லது மாதக் கட்டணம் கட்டுப்படியாகாமல் போனால், எதையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும்? இரண்டுக்கும் சேர்த்து நல்ல பதில் தரும் வெப்சைட் கருவி கிடையாது, அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுலபம் என்று பார்த்தால், கோடிங் தெரியாமலே தளம் கட்டவிடும் பில்டர் சேவைகளான விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் இரண்டும் முன்னால் நிற்கும். ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்), பாதுகாப்புச் சான்றிதழ், மென்பொருள் அப்டேட் எல்லாம் அவர்கள் பாடு. திறந்திருக்கும் நேரம் மாறினால் உள்ளே போய் அந்த வரியைத் திருத்தி வெளியிட்டால் முடிந்தது. நாலைந்து பக்கம், சில படங்கள், ஒரு தொடர்புப் படிவம் போதும் என்பவர் இதற்கு மேல் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிக்கல் கிளம்பும்போதுதான் தெரியும். விக்ஸில் கட்டிய தளம் விக்ஸில் மட்டும்தான் ஓடும், அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க வழியில்லை. ஸ்கொயர்ஸ்பேஸ் கொஞ்சம் தாராளம்: பக்கங்களிலும் பதிவுகளிலும் உள்ள எழுத்தில் பெரும்பகுதியை வேர்ட்பிரஸ் படிக்கக்கூடிய கோப்பாகத் தரும், வடிவமைப்பு வராது.

வேர்ட்பிரஸ் இதற்கு நேர் எதிர். 2003இல் வந்த திறமூல மென்பொருள், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். கோப்புகளையும் தரவுத்தளத்தையும் மொத்தமாக எடுத்து எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம், யாரையும் கேட்க வேண்டாம். (நான் சொல்வது நாமே நிறுவிக்கொள்ளும் வேர்ட்பிரஸ். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) ஆனால் சுதந்திரத்தோடு வேலையும் சேர்ந்தே வருகிறது. மைய மென்பொருள், தீம் (தளத்தின் தோற்றம்), ஒவ்வொரு பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்), எல்லாவற்றுக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். தள்ளிப்போட்டால் பழைய பிளகினில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் பெரும்பாலும் ஹேக்கர்கள் உள்ளே நுழைகிறார்கள், போட்டாலோ சில நேரம் இரண்டு பிளகின்கள் ஒத்துப்போகாமல் தொடர்புப் படிவம் சத்தமில்லாமல் நின்றுவிடும், வாடிக்கையாளர் அனுப்பியது வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது. அதனால் அப்டேட் போட்டதும் நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பேக்கப்பும் தளம் இருக்கும் அதே சர்வரில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. பிளகின் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. அப்டேட்டையும் பேக்கப்பையும் ஹோஸ்டிங் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. நேரமில்லாதவர் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுப்பது நல்லது.

பொருள் விற்பவருக்கு, ஆன்லைன் கடைக்கான சேவையான ஷாப்பிஃபையா, வேர்ட்பிரஸ்ஸில் கடை வைக்க உதவும் பிளகினான வூகாமர்ஸா என்றால், கவனிக்க ஆள் இல்லாத வரை ஷாப்பிஃபைதான். கார்டில் பணம் வாங்குவதற்கான பாதுகாப்பு விதிகளின் பெரும் சுமையை அதுவே ஏற்றுக்கொள்கிறது, பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் சிஎஸ்வி (எக்செலில் திறக்கக்கூடிய) கோப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியும். வூகாமர்ஸ் இலவசம்தான், ஆனால் சந்தா முறை, முன்பதிவு என்று தேவை கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீட்சி வாங்க வேண்டிவரும்.

இலவசத் தளம்? கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு கொடுத்துவந்த வெப்சைட் வசதியை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. பழைய முகவரிக்கு வந்தவர்களை ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிடுவதும் அதே ஆண்டு ஜூனோடு முடிந்தது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சொந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வைத்திருந்தவர் அதை வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

என் கணக்கில் கருவித் தேர்வைவிட டொமைன்தான் பெரிய விஷயம். தளம் செய்துகொடுப்பவர் நல்ல மனதோடுதான் தன் கணக்கிலேயே டொமைனையும் பதிவு செய்திருப்பார், ஆனால் அவர் தொழிலை விட்டுப் போனால் குடுமி அவர் கையில். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், இரட்டைச் சரிபார்ப்பு, இந்த மூன்றும் இருந்தால்தான் அது உங்களுடையது. பில்டர் நிறுவனங்கள் முதல் வருடம் இலவசமாகத் தரும் டொமைனையும் நான் தவிர்க்கத்தான் சொல்வேன்; டொமைன் விற்கும் ஒரு பதிவாளரிடம் தனியாக வாங்கி, தளத்தை நோக்கித் திருப்பிவிட்டால் போதும். டாட் காம் போன்றவற்றைப் புதிதாகப் பதிந்தாலோ வேறு பதிவாளருக்கு மாற்றினாலோ அடுத்த 60 நாள் மறுபடி மாற்ற முடியாமல் பூட்டியிருப்பது வழக்கம், அதனால் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நாளில் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பில்) கை வைக்கும் முன் இருக்கிற எல்லாப் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு தவறிப் போனால் தளம் அழகாக ஓடும், உங்கள் மெயில் மட்டும் வராது.